காலி பண்ணச் சொன்ன வீட்டில் முளைத்த அறை

இது நடந்தது மதுரையில, வெத்தலைக்காரச் சந்துல. நடந்துச்சா இல்லையான்னு சந்தேகப்படுறவங்க நேரா வந்து நாகமரத்து வீட்டு மாடிப்படி ஏறிப் பாத்துக்கலாம், நான் ஒண்ணும் காசு கேக்க மாட்டேன், மத்த வீடு காட்டுறதுக்குத்தான் கேப்பேன். என் பேரு சோலைமலை. வீட்டு புரோக்கர். புரோக்கர்னா இந்த ஊர்ல ஒரு மாதிரி பாப்பாங்க, கல்யாணப் புரோக்கருக்குக் குடுக்குற காப்பி கூட எங்களுக்குக் கிடையாது. ஆனா எந்த வீட்ல எந்தக் குழாயில எப்ப தண்ணி வரும், எந்த ஓனர் ஆணி அடிச்சா அழுவாரு, எந்த ஓனர் அட்வான்ஸைத் திருப்பிக் குடுக்கும்போது காய்ச்சல் வந்து படுத்துக்குவாரு, இதெல்லாம் எங்களைத் தவிர எவனுக்குத் தெரியும்?

நாகமரத்து வீட்டு ஓனர் அழகுசுந்தரம், கூட்டுறவுப் பண்டகசாலையில கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவரு. கீழ் வீட்ல அவரும் சம்சாரம் தனபாக்கியமும் மகன் முரளியும். மாடியில ராமையாவும் மங்களேஸ்வரியும் வாடகைக்கு. சந்து முனையில இவங்களுக்கு வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, குண்டா, ஜமுக்காளம், சாம்பார் வாளின்னு கல்யாணம் காதுகுத்துக்கெல்லாம் இவங்க கடையிலதான் எடுக்கணும், எடுக்கும்போது அட்வான்ஸ் வைக்கணும், திருப்பும்போது ஒரு கரண்டி நெளிஞ்சிருந்தாலும் மங்களேஸ்வரி பிடிச்சுக்கிட்டுத்தான் மிச்சத்தைக் குடுக்கும். கறார்னா கறார். அவங்க மக பவானி தாவணி போடாத வயசுல நான்தான் அந்த மாடிக்குக் குடி வச்சேன், இப்ப அதே பவானிக்கு வளைகாப்பு முடிஞ்சு தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குக் கூட்டியாந்திருந்தாங்க.

அப்பத்தான் கார்த்திகையில முரளிக்குக் கல்யாணம் ஆச்சு. பொண்ணு சித்ரலேகா, உசிலம்பட்டிப் பக்கம், நல்ல புள்ள. கல்யாணம் முடிஞ்ச மறுவாரம் அழகுசுந்தரம் என்னைக் கூப்பிட்டு விட்டாரு.

"சோலை, கீழ இருக்கிற ரெண்டு ரூமுல புதுசாக் கல்யாணமானதுக எப்படிப் பொழங்கும்? மாடியக் காலி பண்ணச் சொல்லிரு. தை வரைக்கும் டைம் குடுக்குறேன். முறையாத்தான் சொல்றேன்."

"நீங்களே சொல்லலாமேய்யா?"

"எனக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. நீதான கொண்டு வந்து விட்ட, நீயே சொல்லிரு."

முழங்கால் வலியாம். மொட்டைமாடியில வத்தல் காயப்போட்டா காக்கா விரட்ட ஏறத் தெரியும். சரி, என் தொழிலு, நான் ஏறினேன். மங்களேஸ்வரி அடுப்படியில மகளுக்குப் பூண்டு உரிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் விசயத்தைச் சொன்னதும் பூண்டைக் கீழ வச்சிருச்சு.

"தையிலயாண்ணே? பவானிக்குத் தையிலதான் நாள் சொல்லியிருக்காங்க."

"தெரியும் தாயி."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன்."

முந்தானையில ஒட்டின பூண்டுத் தோலை உதறிக்கிட்டு எந்திரிச்சுச்சு. அப்புறம் சொல்லுச்சு, "அவரு வீடு, அவரு கேக்குறாரு, அதுல தப்பு இல்ல. நோட்டீஸ் குடுக்குறதும் முறைதான். ஆனா இத்தனை வருசம் எங்க வீட்டுக் கொழம்பை வாங்கிச் சாப்பிட்ட மனுசன், இம்புட்டுப் படி ஏறி வந்து என் மூஞ்சியப் பாத்துச் சொல்லக் கூடாதா?"

அன்னைக்கே வீடு தேட ஆரம்பிச்சேன். நான் தேடாத தெரு இல்ல, தட்டாத கதவு இல்ல. எல்லாருக்கும் ராமையாவைப் பிடிக்கும், மங்களேஸ்வரியப் பிடிக்கும், பிரசவத்துக்கு மக வந்திருக்குன்னு சொன்னதும் முகம் மாறிப்போகும். ஒருத்தரு "புள்ள பொறந்து பேரு வச்சு எல்லாம் முடிச்சுட்டு வாங்க"ன்னாரு, ஒரு அம்மா "ராத்திரியில புள்ள அழுதா எங்க வீட்டு நாய் சேந்து அழும்"னுச்சு, ஒரு மகராசன் சீரியல் கேக்காதுன்னு சொல்லிட்டான். புள்ள பொறக்குறதை என்னமோ கரண்டுக் கசிவு மாதிரி பேசுறானுக. கடைசியில மங்களேஸ்வரி சொல்லுச்சு, எங்கயும் கிடைக்கலைன்னா கடைக்குப் பின்னாடி இருக்கிற தகர குடோன்ல அண்டாவை எல்லாம் ஒதுக்கிட்டு மகளையும் பேரப்புள்ளையையும் அங்க வச்சுக்குறேன்னு. தகரத்துக்குக் கீழ பச்சப் புள்ளையா?

இதுக்கு நடுவுல ஜோசியரு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாரு. மார்கழியில பால் காய்ச்சக் கூடாது, தையில முரளி நட்சத்திரத்துக்கு ஏத்த நாளே இல்ல, கார்த்திகைக் கடைசியில ஒரு முகூர்த்தம் இருக்கு, அதை விட்டா சித்திரைதான்னுட்டாரு. தனபாக்கியம் யோசிச்சுச்சு. யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சுச்சு பாருங்க, அப்படி ஒரு வழி மீனாட்சி பட்டணத்துல எவளுக்கும் தோணினது கிடையாது. "பாலை மட்டும் இப்பவே காய்ச்சிருவோம். அவங்க பாட்டுக்குத் தை வரைக்கும் இருக்கட்டும், முகூர்த்தம் தப்பக் கூடாதுல்ல." குடி இருக்கிறவங்க இருக்கும்போதே, அவங்க சட்டிபானை கொடியில துணி எல்லாம் இருக்கும்போதே, அதே அடுப்படியில இன்னொரு குடும்பம் குடி வர்றதுக்குப் பால் காய்ச்சுறதுன்னா என்ன கணக்கு? ஜோசியரு மண்டையைச் சொறிஞ்சுட்டு, சாஸ்திரத்துல கூடாதுன்னும் இல்ல, கூடும்னும் இல்லன்னுட்டாரு.

மங்களேஸ்வரி மறுத்திருக்கலாம். மறுக்கல. "நல்ல காரியத்துக்கு அடுப்பு இல்லைன்னு சொன்ன பாவம் எனக்கு வேணாம்"னு சொல்லி, விடிஞ்சும் விடியாம அடுப்படியக் கழுவிக் கோலம் போட்டு வச்சிருந்துச்சு. தனபாக்கியம் கொண்டாந்த சின்னச் சொம்பைப் பாத்ததும், "இதுல காய்ச்சினா யாருக்குக் காணும்"னு கடையில இருந்து புதுப் போணிப் பாத்திரம் ஒண்ணை எடுத்தாந்து வச்சுச்சு. சித்ரலேகா வெக்கப்பட்டுக்கிட்டே அடுப்பைப் பத்த வச்சுச்சு. பால் பொங்குச்சு, நல்லாப் பொங்குச்சு, பொங்கி வழிஞ்சு அடுப்பு மேடை தாண்டித் தரையில இறங்கி வாசப்படி வரைக்கும் ஓடிருச்சு. எல்லாரும் தனபாக்கியம் முகத்தைப் பாக்க, புது மருமக முதல் டம்ளரை எடுத்து யாரையும் கேக்காம, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்க முடியாம நின்ன பவானி கையில குடுத்துருச்சு.

மறுநாள் காலையில பாத்தா மாடிப்படி முடியிற இடத்துல, மங்களேஸ்வரி வீட்டு வாசலுக்கு எதிர்ல, வெறும் சுவரா இருந்த இடத்துல, ஒரு கதவு இருந்துச்சு. பச்சைப் பெயிண்ட் அடிச்ச கதவு, தாப்பாளும் இருந்துச்சு. உள்ள பளிச்சுன்னு ஒரு அறை, பரண் இருந்துச்சு, காலண்டர் மாட்ட ஆணி இருந்துச்சு, ஒரு ஜன்னல் இருந்துச்சு, அந்த ஜன்னல்ல நின்னா தெற்குக் கோபுரம் தலையில இருந்து கால் வரைக்கும் தெரிஞ்சுச்சு. எங்க சந்துல இருந்து எந்தக் கோபுரமும் தெரியாது. கோபுரம் தெரியிற ஜன்னலுக்கு நான் வாடகையில தனியாச் சேத்துச் சொல்வேன், அப்படிப்பட்ட ஜன்னல். ஆனா வெளியில வந்து பாத்தா அறையே இல்ல. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து மாவு மில்லுக்காரரோட கூரை, அதுக்கு மேல வெறும் ஆகாசம்.

ஆச்சரியப்பட்டோமான்னு கேக்காதீங்க. ஆச்சரியப்பட எங்க சந்துல யாருக்கு நேரம் இருக்கு? மாவு மில்லு வேலுச்சாமிதான் முதல்ல சண்டைக்கு வந்தாரு, என் கூரைக்கு மேல எப்படி ரூம் கட்டலாம்னு. ஏணி போட்டு அவரையே ஏத்தி விட்டோம், கூரை மேல நடந்து பாத்தாரு, ஒண்ணும் தட்டுப்படல, ஜன்னல்ல நின்ன சித்ரலேகாவுக்கு அவரு தலையும் தெரியல. இறங்கி வந்து, வீட்ல தங்கச்சி குடும்பம் வந்து தங்கியிருக்கு, எங்க வீட்லயும் பால் காய்ச்சலாமான்னு மெதுவாக் கேட்டாரு. வீட்டு வரி ஆபீசுல இருந்து அளக்க ஒருத்தரு வந்தாரு, வெளிய அளந்தாரு, உள்ள அளந்தாரு, ரெண்டும் ஒட்டல, டேப்பு பழசாப் போச்சுன்னு சொல்லிட்டு டீயக் குடிச்சுட்டுப் போயிட்டாரு. கரண்டு மீட்டர் பாக்குறவரு அந்த ரூம் பல்புக்கு யூனிட்டே ஏறலைன்னு கண்டுபிடிச்சு, இது யாருக்கும் தெரிய வேணாம்னு என்கிட்ட மட்டும் சொன்னாரு. நான் யார்கிட்டயும் சொல்லல, உங்ககிட்டதான் சொல்றேன்.

அப்புறம் பாருங்க, சந்துல ஒரே பால் வாசம். மார்கழியாவது ஒண்ணாவது, ஆளாளுக்குப் பால் காய்ச்ச ஆரம்பிச்சுட்டாங்க. தனியாப் போன மகனை மருமகளோட கூப்பிட்டு, சண்டை போட்டுப் போன அண்ணன் தம்பியக் கூப்பிட்டு, குடி இருக்கிற வீட்லயே பால் காய்ச்சினாங்க. ஒரு வீட்ல அறை வந்துச்சு, ஒரு வீட்ல பரண் மட்டும் வந்துச்சு, தையல்காரம்மா வீட்ல யாருமே எதிர்பாக்காம ஒரு பாத்ரூம் வந்துச்சு, அவங்க அழுதே போயிட்டாங்க. ஒரு ஓனரு மட்டும் குடியிருக்கிறவங்களைத் துரத்துற எண்ணத்தோட போயிப் பால் காய்ச்சி, ஒரு சொட்டுக் கூட அவங்களுக்குக் குடுக்காமக் கீழ தூக்கிட்டு வந்தாரு. பால் திரிஞ்சு போச்சு, அதைத் தவிர ஒண்ணும் நடக்கல. 'வீடு வாடகைக்கு' போர்டு எல்லாம் ஒண்ணொண்ணா இறங்கிருச்சு. என் பிழைப்புப் போச்சுன்னு நினைச்சேன். போகல, சொந்தக்காரங்களைச் சமாதானம் பண்ணிக் கூட்டியாந்து பால் காய்ச்ச விடுறதுக்கு எல்லாரும் என்னைத்தான் கூப்பிட்டாங்க. அதுக்கும் கமிசன் வாங்கினேன். வாங்காம?

முரளியும் சித்ரலேகாவும் பச்சைக் கதவு அறைக்குக் கட்டிலைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. எதிர் எதிர் வாசல், பவானியும் சித்ரலேகாவும் ஒரே தட்டுல சாப்பிடுற அளவுக்கு ஒட்டிக்கிட்டாங்க. இனிமே நோட்டீஸ் எதுக்குன்னு நான் நினைச்சேன். ஆனா கணக்கு எழுதின புத்தி சும்மா இருக்குமா?

"சோலை, மகனுக்கு ரூம் தானா வந்துருச்சு. அப்ப மாடி எனக்கு மிச்சம். கோபுரம் தெரியிற ரூமுக்கு எதிர் வீடு, இப்ப புதுசா ஆள் விட்டா வாடகை கூடக் கிடைக்கும். தையில காலி பண்ணச் சொன்னது சொன்னதுதான்."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "அய்யா, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா, அதையும் வாடகைக்கு விட்டுட்டீங்களா"ன்னு கேட்டுட்டேன். என்னைப் பாத்துச் சிரிச்சாரு. சிரிச்ச சிரிப்பு ரெண்டு நாள் தாங்கல.

ஒரு நாள் காலையில பவானியச் செக்கப்புக்குக் கூட்டிட்டு ராமையா, மங்களேஸ்வரி ரெண்டு பேருமே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. சித்ரலேகா தலைக்குக் குளிச்சுட்டு, சாம்பிராணி வாங்கக் கீழ வந்துட்டு, திரும்ப மேல ஏறிப் பாத்தா கதவு இல்ல. சுவரு. கட்டில் உள்ள, கல்யாணப் புடவை உள்ள, முரளி வேலைக்குப் போற சட்டை உள்ள. முரளி துண்டோட சுவத்தைத் தட்டுறான், தனபாக்கியம் தலையில அடிச்சுக்குது, சந்தே படியில நிக்குது. மத்தியானம் ஆட்டோ வந்து நின்னு, பவானி மூச்சு வாங்கிக்கிட்டே மேல ஏறி, கடைசிப் படியில கால் வச்சதும் கதவு இருந்த இடத்துல இருந்துச்சு. உள்ள எல்லாம் வச்சது வச்ச மாதிரி, சாம்பிராணிச் சட்டியில நெருப்பு கூட அணையல.

அழகுசுந்தரத்துக்குப் புரிஞ்சு போச்சு. மாடியில அவங்க இருந்தாத்தான் அறை இருக்கும், அவங்க போனா அறையும் போயிரும். உடனே என்னைத்தான் கூப்பிட்டாரு. "சோலை, மேல போயி, இருக்கச் சொல்லிரு."

ஏறினேன். என் காலு என்ன, இவரு வீட்டுச் சொத்தா? மங்களேஸ்வரி கேட்டுச்சு, கேட்டுட்டு முந்தானையை இடுப்புல செருகிக்கிச்சு.

"போகச் சொன்னப்பவும் உங்களைத்தான் அனுப்புனாரு, இருக்கச் சொல்றப்பவும் உங்களைத்தான் அனுப்புறாரு. நாங்க என்ன, வேணும்னா எடுத்துட்டுப் போயி, வேலை முடிஞ்சாத் திருப்பி அனுப்புற அண்டாவா? அவரு ரூமுக்காக நாங்க இருக்க வேணாம்ணே. இப்ப நான் சொல்றேன் நோட்டீஸு. தையில நாங்க காலி பண்றோம். அட்வான்ஸை எடுத்து வைக்கச் சொல்லுங்க."

இறங்கி வந்து சொன்னேன். அழகுசுந்தரம் மூஞ்சி வெளுத்துப் போச்சு. அட்வான்ஸ் எங்க இருக்கு? மகன் கல்யாணத்துல செலவாயிருச்சு. அதுலயும் கொடுமை என்னன்னா, கல்யாணத்துக்கு அண்டா குண்டா எடுக்க மங்களேஸ்வரி கடையில வச்ச அட்வான்ஸே அந்தம்மா குடுத்த வீட்டு அட்வான்ஸ்தான், அதுலயும் நெளிஞ்ச வாளிக்குப் பிடிச்சுக்கிட்டுத்தான் மிச்சம் வந்துச்சு. சித்ரலேகா வளையலைக் கழட்டிக்கிட்டு மேல ஓடுச்சு. "உன் கையில இருக்கிறதை நான் வாங்குனா எனக்குச் சோறு இறங்குமா, மாட்டிக்கடி"ன்னு மங்களேஸ்வரி அதட்டி அனுப்பிருச்சு. மகமேல கோவம் இல்ல, மருமகமேல கோவம் இல்ல, அந்தக் கிழவர் மேலதான், அதுவும் கோவம்னு சொல்ல முடியாது, வருத்தம்.

பொங்கல் கழிஞ்ச மறுநாள் வெயில் ஏறுற நேரத்துல பவானிக்கு வலி எடுத்துருச்சு. ராமையா, மங்களேஸ்வரி, மாப்பிள்ளை எல்லாரும் ஆஸ்பத்திரியில. கதவு போயிருச்சு. முரளியும் சித்ரலேகாவும் கீழ வீட்டு ஹால்ல பாய் போட்டுப் படுத்தாங்க, ஒரு முனகல் இல்ல, ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டு போறதும் வர்றதுமாவே இருந்துச்சு சித்ரலேகா. பொம்பளப் புள்ள பொறந்துச்சு. சந்துல எல்லாருக்கும் மிட்டாய் குடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க? தனபாக்கியம்.

வீட்டுக்கு அனுப்புற அன்னைக்கு நானும் போயிருந்தேன், சாமான் தூக்க. ஆஸ்பத்திரி வாசல்ல பாத்தா அழகுசுந்தரம் வேப்பமரத்தடியில நிக்கிறாரு, காலையில இருந்து நிக்கிறாராம், முழங்கால் வலிக்குக் கட்டு கூடக் கட்டல. மங்களேஸ்வரி பேத்தியத் துணியில சுத்தித் தூக்கிக்கிட்டு வந்து ஆட்டோவுல ஏறிருச்சு. ஆட்டோக்காரன் எங்கம்மா போகணும்னு கேக்குறான். அது அழகுசுந்தரத்தைப் பாத்துக்கிட்டே, "பாத்திரக் கடைக் குடோனுக்கு விடுப்பா"ன்னுச்சு. பவானி தலையக் குனிஞ்சுக்கிச்சு. எனக்கு அந்தத் தகரக் கூரை கண்ணு முன்னாடி வந்துச்சு.

அழகுசுந்தரம் ஆட்டோக் கம்பியப் பிடிச்சுக்கிட்டாரு.

"நில்லு தாயி. தப்பு என்னோடது. நான் ஏறி வந்து சொல்லியிருக்கணும், சொல்லியிருந்தா உன் மூஞ்சியப் பாத்திருப்பேன், பாத்திருந்தா அந்த வார்த்தை வந்திருக்காது. அதுக்குப் பயந்துதான் இவனை அனுப்பினேன்."

"ரூம் போச்சுன்னு வந்தீங்களாக்கும்."

"ரூம் போனாப் போகுது. மாடியில உன் சத்தம் இல்ல, பாத்திரம் உருட்டுற சத்தம் இல்ல, எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. அதுக்குத்தான் வந்தேன்."

"அட்வான்ஸ் கொண்டாந்தீங்களா?"

"இல்ல தாயி. செலவாயிருச்சு. மாசாமாசம் கழிச்சுக் குடுக்குறேன்."

"அதையும் குடுக்காம எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தீங்க?"

அந்த மனுசன் யோசிச்சாரு. நிஜமாவே யோசிச்சாரு. "இந்த மூஞ்சியத்தான் தாயி, வேற இல்ல"ன்னாரு.

முதல்ல சிரிச்சது பவானி. "அம்மா, சிரிக்க வைக்காதீங்கம்மா, தையல் இழுக்குது"ன்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்குது, கண்ணுல தண்ணி ஊத்துது. ராமையா சிரிக்கிறாரு, ஆட்டோக்காரன் என்ன ஏதுன்னு தெரியாம அவனும் சிரிக்கிறான். மங்களேஸ்வரி மட்டும் விறைப்பா உக்காந்திருந்துச்சு, கொஞ்ச நேரம். அப்புறம் பேத்தியத் தூக்கி அவரு கையில குடுத்து, "தலையப் பிடிச்சுத் தூக்குங்க, கணக்கு நோட்டைத் தூக்குற மாதிரி தூக்காதீங்க"ன்னு அதட்டிட்டு, அவருக்கு நகந்து இடம் விட்டுச்சு. ஆட்டோ வெத்தலைக்காரச் சந்துக்குத்தான் போச்சு.

அந்தச் சந்து அன்னைக்கு இருந்த இருப்பைச் சொல்லி முடியாது. தனபாக்கியம் ஆரத்தித் தட்டோட நிக்குது, மில்லு வேலுச்சாமி மெசினை நிறுத்திட்டு வந்து மாவு படிஞ்ச கையோட நிக்கிறாரு, தையல்காரம்மா வெட்டுத் துணியிலயே தைச்ச சட்டை வச்சிருக்கு, பால் காய்ச்சி அறை வந்தவங்களும் பரண் மட்டும் வந்தவங்களும் வாசல் வாசலா நிக்கிறாங்க. அழகுசுந்தரம் புள்ளையக் கையில வச்சுக்கிட்டுப் படி ஏறுறாரு, ஒவ்வொரு படியா, முழங்கால் கடகடங்குது, ஆளு நிக்கல. பின்னாடியே பவானியத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு சித்ரலேகா, அதுக்குப் பின்னாடி நாங்க எல்லாரும்.

பச்சைக் கதவு வந்திருந்துச்சு. அது வரும்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பக்கத்துல இன்னொரு கதவு இருந்துச்சே, அதை யாரும் எதிர்பாக்கல. மஞ்சக் கதவு, பாதி உயரந்தான், பெரியவங்க குனிஞ்சு போகணும். உள்ள ஒரு குட்டி அறை, உத்திரத்துல தொட்டில் கட்டக் கொக்கி, சுவரெல்லாம் இளவெயில், வெளியில மத்தியானம் ஆனாலும் அங்க காலை வெயில். ஜன்னல் தரையோட தரையா, தவழ்ற புள்ள எட்டிப் பாக்குற உயரத்துல இருந்துச்சு. காத்து வந்துச்சு, எங்க சந்துல அப்படிக் காத்து வந்து நான் பாத்ததில்ல.

புத்தி எங்க போகும்? எனக்கு உள்ளங்கை அரிச்சுருச்சு. "அய்யா, தனி வாசல், காத்தோட்டம், வெளிச்சம்... இதுக்கு என்ன வாடகை சொல்லலாம்?"னு கேட்டுட்டேன்.

அழகுசுந்தரம் குனிஞ்சு, மஞ்சக் கதவுக்குள்ள பாதி உடம்பை நுழைச்சு, புள்ளைய அந்த வெயில்ல வச்சுட்டு, திரும்பி என்னைப் பாத்துச் சொன்னாரு.

"அந்த ரூமுக்கு ஆள் வந்தாச்சு, சோலை."